பழைய மர வேலிக்கால்களை டிராக்டர் வைத்துப் பிடுங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலம், உசில், சவுக்கு, பனங்கட்டை என்று கிடைத்த மரத்தை ஊன்றி முள்கம்பி கட்டிய வேலிகள் பல தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன. கல்லுக்காலோ சிமெண்ட் காலோ நட்டு வலை கட்டப் போகிறவர் முதலில் அந்தப் பழையதைப் பிடுங்கியாக வேண்டும். 35 முதல் 50 ஹெச்.பி. வரையுள்ள வண்டியும், 4 முதல் 6 அங்குலக் கனமும் ஒன்றரை முதல் இரண்டரை அடி ஆழமும் உள்ள கால்களும் என்று வைத்துக்கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

காலில் சங்கிலியைக் கட்டி, முதல் கியரில் முன்னால் ஓட்டினால் வந்துவிடாதா?

வரும். ஆனால் அடிக்கட்டையை மண்ணுக்குள் விட்டுவிட்டு, மேல்பாதி மட்டும் வரும்.

மரக்கால் மேலே கெடுவதில்லை, ஆழத்திலும் அவ்வளவாகக் கெடுவதில்லை. கெடுவது மண்மட்டத்தில். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண்மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழே வரைதான். கரையானும் அந்த இடத்தில்தான் முதலில் கை வைக்கும். பார்வைக்கு 5 அங்குலக் கால், கழுத்தில் 2 அங்குல வைரம் பாய்ந்த நடுமரம் மட்டும் மிச்சமாக நிற்கும். பக்கவாட்டில் இழுத்தால் வளைவு முழுவதும் அந்தக் கழுத்தில் விழுகிறது. பிறகு அது ஒடியாமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. இழுவைச் சங்கிலியைப் பின் அச்சை விட உயரமான இடத்தில், முக்கியமாக டாப் லிங்க் (கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் தண்டு) மாட்டும் இடத்தில், கட்டி இழுத்தால் கால் அசையாதபோது வண்டி தன் பின்சக்கரத்தையே அச்சாக வைத்து மேலே சுழலத் தொடங்கும். முன்பக்கம் எழும்பியதிலிருந்து இனித் திரும்பாது என்ற நிலைக்குப் போக ஒரு விநாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் வண்டி ஓட்டுநர் மேல் கிடக்கும். படுக்கைவாட்டில் இழுத்தே தீர வேண்டும் என்றால் கீழே உள்ள இழுவைப் பட்டையான டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் பக்கம் சங்கிலியைக் கொண்டுபோகவே கூடாது.

பிறகு எப்படித்தான் பிடுங்குவது?

இழுக்க வேண்டாம், தூக்குங்கள். கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் இருக்கும்போது சக்கரத்தின் இழுவை எதற்கு?

கலப்பையைத் தாங்கும் இரண்டு கீழ்க்கைகளுக்கும் குறுக்கே துளைபோட்ட இரும்புப் பட்டையை மாட்டி, இருபுறமும் ஊசிப் பூட்டுப் போடுங்கள். கைகள் பக்கவாட்டில் ஆடாதபடி செக் செயினை இறுக்குங்கள். கைகளை முழுவதும் கீழே இறக்கி, பட்டையின் நடு காலை ஒட்டி நிற்கும்படி வண்டியைப் பின்னால் கொண்டுவாருங்கள். காலுக்கும் பட்டைக்கும் நான்கு விரல் இடைவெளி போதும்.

சங்கிலியைக் காலில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இரண்டு சுற்றுச் சுற்றி, தூக்கும்போது இறுகும்படி சுருக்குப் போடுங்கள். மறுமுனையைப் பட்டையின் நடுத்துளையில் மாட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது. கைகள் இரண்டடி அளவுதான் மேலே போகும். அரையடித் தொய்வு என்றால் கால்பங்குத் தூக்கு வீண்.

எஞ்சின் 1,000–1,200 சுற்றில் இருக்கட்டும். கைகளை ஏற்றி இறக்கும் பொசிஷன் கண்ட்ரோல் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய. கூடுவது வேகம் மட்டும்தான். தூக்கும் பலத்தைத் தீர்மானிப்பது எண்ணெய் அழுத்தம், அதற்கு ரிலீஃப் வால்வு ஒரு எல்லை வைத்திருக்கிறது. வால்வு கத்தத் தொடங்கினால் லீவரை இறக்கிவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் சூடாகுமே தவிர கால் வராது.

கால் அரையடி எழும்பியதும் நிறுத்தி, கைகளை இறக்கி, சங்கிலியைத் தாழ்த்தி மறுபடி கட்டுங்கள். இரண்டடி ஆழக் கால் பெரும்பாலும் இரண்டாவது பிடியில் வெளியே வந்துவிடும். சங்கிலி செங்குத்தாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சாய்ந்தால் அது தூக்கு அல்ல, மறுபடியும் பக்க இழுவை.

எவ்வளவு பலம் தேவைப்படும்? என் வண்டி தாங்குமா?

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அங்குலக் காலின் சுற்றளவு சுமார் 40 செ.மீ. இரண்டடி புதைந்திருந்தால் மண்ணைத் தொடும் பரப்பு 2,400 சதுர செ.மீ. நனைந்து இளகிய மண் சதுர செ.மீ.க்கு 200 கிராம் பிடித்தால் 480 கிலோ வேண்டும். இறுகிய மண் அரைக்கிலோ பிடித்தால் 1,200 கிலோ. 35–50 ஹெச்.பி. வண்டிகளின் தூக்குதிறன் பொதுவாக 1,200 முதல் 2,000 கிலோ வரை. ஆக, ஈரத்தில் எல்லா வண்டியும் தூக்கும். காய்ந்த மண்ணில் சிறிய வண்டி திணறும்.

தூக்கும்போது முன்சக்கரம் எழும்புகிறதே?

எழும்பத்தான் செய்யும். இரண்டு டன் வண்டியில் முன் அச்சில் நிற்பது ஏறக்குறைய 800 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர் என்றால் 800 × 2 = 1,600. கீழ்க்கை நுனி பின் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே 1,600 கிலோ கீழே இழுத்ததும் முன்சக்கரம் தரையில் பாரம் இல்லாமல் நிற்கும். அதாவது ஹைட்ராலிக் தன் முழுப் பலத்தைக் காட்டும் நேரமும் முன்பக்கம் காற்றில் மிதக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன் பம்பரில் எடைக்கட்டிகளை மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இது திடீரென்று குப்புறச் சுழல்வது போன்றதல்ல, லீவரை இறக்கினால் முன்பக்கமும் இறங்கிவிடும். ஆனால் அதே நேரத்தில் கியரைப் போட்டு முன்னால் நகர்த்தினால் கதை வேறு. தூக்கும்போது வண்டி நியூட்ரலில், இரண்டு பிரேக் மிதிகளும் சேர்த்துப் பூட்டிய நிலையில், உங்கள் பாதம் அதன் மேல்.

கயிறு போதாதா? சங்கிலியே வேண்டுமா?

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது ரப்பர் போல நீண்டு பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்தாலோ கொக்கி கழன்றாலோ சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். கிணற்றுக்குப் பயன்படுத்திய பழைய எஃகு வடமும் வேண்டாம். அதன் உள்ளே எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

கிரேடு 80 சங்கிலி, 8 மி.மீ. கனம், 2 டன் வரை வேலைப் பாரம் தாங்கும். 10 மி.மீ. என்றால் 3.15 டன். சுருக்குப் போட்டுக் கட்டும்போது இந்தத் தாங்குதிறன் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் 10 மி.மீ. வாங்குவது புத்திசாலித்தனம். 3 மீட்டர் நீளம் போதும், இருமுனையிலும் பூட்டு நாக்குள்ள கொக்கி. கண்ணிகளில் 8 அல்லது 80 என்று பொறித்திருக்கும். எடை போட்டு விற்கும், குறியில்லாத சங்கிலி மாடு கட்டத்தான் லாயக்கு.

சங்கிலி வழுக்கிக்கொண்டு மேலே வருகிறது. என்ன செய்வது?

சவுக்கிலும் பட்டை உரித்த தைல மரத்திலும் இந்தத் தொல்லை உண்டு. கட்டும் இடத்துக்கு மேலே, அரிவாளால் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு வெட்டு. இல்லாவிட்டால் 6 அங்குல ஆணி இரண்டை எதிரெதிரே பாதி வரை அடித்து, அதற்குக் கீழே சங்கிலி. நனைந்த சாக்கை ஒரு சுற்றுச் சுற்றி அதன் மேல் கட்டினாலும் பிடிக்கும். காலின் குறுக்கே துளைபோட்டுக் கம்பி செருகுவது நல்ல மரத்துக்குச் சரி. உளுத்ததில் செய்தால் துளையோடு பிளந்துகொள்ளும்.

முள்கம்பியை முதலில் எடுக்க வேண்டுமா?

கட்டாயம். கம்பியோடு சேர்த்துத் தூக்கினால் பக்கத்துக் கால்களும் சாய்ந்து கழுத்தில் ஒடியும்.

விறைப்பாக இருக்கும் கம்பியை நடுவில் வெட்டாதீர்கள். இரண்டு துண்டும் சுருண்டு துள்ளும், முகத்தின் உயரத்தில். மூலைக்காலின் ஓரமாக, கால் உங்களுக்கும் கம்பிக்கும் இடையே இருக்கும்படி நின்று, மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டுங்கள். தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மின்வேலி என்றால் கருவியை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகுதான்.

காலில் அடித்த யு ஆணிகளைக் குறடால் பிடுங்கி ஒரு டப்பாவில் போடுங்கள், மண்ணில் எறியாதீர்கள். துண்டுக் கம்பியும் ஆணியும் டயருக்கு மட்டும் எதிரி அல்ல. தீவனத்தோடு சேர்த்து மாடு விழுங்கினால் அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, அங்கிருந்து இதயத்தைக் குத்தும். வேலை முடிந்ததும் வேலி ஓரம் முழுக்க ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தமே போதும்.

மழைக்கு முன்பா, பின்பா?

பின்பு. ஆனால் மறுநாளே அல்ல. செம்மண்ணில் நல்ல மழைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து. கரிசலில் நான்கைந்து நாளாவது விட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி சேற்றில் நிற்கும். காய்ந்த கரிசல் வேறு தினுசு: காலைவிட்டு விலகி வெடித்திருக்கும் இடத்தில் கால் கையால் ஆட்டினாலே ஆடும், வெடிக்காத இடத்தில் கல்லைப் போலக் கவ்வியிருக்கும்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் முந்தின நாள் மாலை காலின் இரு பக்கமும் கடப்பாரையால் ஒன்றரை அடிக்குத் துளைபோட்டு, காலுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம். தூக்குவதற்கு முன் காலை நான்கு திசையிலும் கையால் அசைத்துவிட வேண்டும். களிமண்ணில் இது இன்னும் முக்கியம். கால் மேலே வரும்போது அடியில் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு கடப்பாரைத் துளை இருந்தால் காற்று உள்ளே போகும், பிடி விடும்.

கால் உளுத்துவிட்டதா என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

மண்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே மண்ணை விலக்கி, பெரிய திருப்புளியை மரத்தில் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் சந்தேகம். அப்படிப்பட்ட காலை மேலே கட்டித் தூக்கக் கூடாது. சுற்றி ஓரடி தோண்டி, உளுத்த கழுத்துக்குக் கீழே நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சங்கிலியைக் கட்டுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் கூடுதல் ஆகும். ஒடிந்த அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது லாபம்.

ஒடிந்தே போய்விட்டது. அடிக்கட்டையை எப்படி எடுப்பது?

முதலில் எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். புது வேலி அதே கோட்டில் வருகிறது என்றால், பழைய குழிகளுக்கு நடுவே புதுக் குழி போட்டுக்கொள்ளலாம். பழைய குழியின் மண் எப்படியும் தளர்ந்ததுதான், அதில் புதுக்கால் உறுதியாக நிற்காது. அடிக்கட்டையைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

வேலி போய் அந்த இடமும் உழவுக்கு வருகிறது என்றால் விட முடியாது. ரோட்டவேட்டர் 4–6 அங்குலம்தான் போகும். சட்டிக்கலப்பை ஓரடி வரை போகும், உளிக்கலப்பை ஒன்றரை அடியைத் தொடும். ஆகவே ஒன்றரை அடிக்குக் கீழே மிச்சம் இருந்தால் மட்டும் விடலாம்.

எடுப்பதானால் ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தோண்டி, கட்டையை அந்தப் பள்ளத்தை நோக்கிக் கடப்பாரையால் நெம்பிச் சாய்த்துச் சங்கிலி போடுங்கள். நாலு பக்கமும் தோண்டுவது வீண் உழைப்பு. நடுமரம் உறுதியாக இருந்தால், மேலிருந்து செங்குத்தாகத் துளைபோட்டு, வளையத் தலையுள்ள தடித்த மரத் திருகை நாலைந்து அங்குலம் முறுக்கி இறக்கி அதிலேயே கொக்கியை மாட்டலாம். தலைக்கு மேலே மின்கம்பி போகாத இடமாக இருந்தால் முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் டிராக்டரைவிட நன்றாக வேலை செய்யும்.

குழி போடும் துளைப்பானை அடிக்கட்டையின் மேலேயே இறக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் சிக்கியதும், எஞ்சின் சுழற்சியைத் துளைப்பானுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டிலுள்ள உடைபோல்ட் உடையும். அந்த போல்ட் அதற்காகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் கெட்டி போல்டைப் போட்டுவிட்டு மறுபடி முயன்றால் கியர்பெட்டி உடையும்.

கால் துளிர்த்து மரமாகிவிட்டது.

கிளுவை, பூவரசு, ஒதியன், முருங்கை, கிளைரிசிடியா இவற்றின் போத்தை (வெட்டிய கிளையை) ஊன்றினால் வேர் பிடிக்கும். நாலைந்து வருடமானால் அது கால் அல்ல, மரம். மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. இரண்டடி வட்டத்தில் மண்ணை எடுத்து, பக்க வேர்களைக் கோடரியால் வெட்டிய பிறகே தூக்க வேண்டும். கம்பியை மரம் விழுங்கியிருக்கும், அந்த இடத்தில் ரம்பம் போடாதீர்கள். நல்ல கிளுவை வேலி இருந்தால் பிடுங்குவானேன் என்பது எங்கள் கட்சி. கவாத்து செய்து விட்டால் அதுவே இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

ஹைட்ராலிக் பழுது. வேறு வழி உண்டா?

டயர் இல்லாத லாரி அல்லது டிராக்டர் சக்கர வட்டு ஒன்று போதும். காலை ஒட்டி, வண்டி இருக்கும் பக்கம், அதை நிமிர்த்தி வையுங்கள். அடியில் 2 அங்குலப் பலகை, இல்லாவிட்டால் வட்டு மண்ணில் புதையும். சங்கிலியைக் காலின் அடியில் கட்டி, வட்டின் பள்ளத்தின் மேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கி டிராபாரில் மாட்டுங்கள். வண்டி மிகக் குறைந்த கியரில் மெல்ல நகர்ந்தால், படுக்கை இழுவை வட்டின் மேல் திரும்பிச் செங்குத்துத் தூக்காகிவிடும். கால் வெளியே வந்ததும் வட்டு முன்னால் உருண்டு வரும். எனவே சங்கிலி நீளம் 5 மீட்டராவது இருக்கட்டும். வட்டைக் கையால் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது.

கல்லுக்காலையும் இப்படியே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆறங்குலச் சதுரம், ஏழடி நீளமுள்ள கருங்கல் ஏறக்குறைய 130 கிலோ. தூக்குக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கல் வளையாது, பக்கத்தில் இழுத்தால் பட்டென்று இரண்டாகும். சாக்கு சுற்றிக் கட்டி, நேராகத் தூக்கி, முழுவதும் வெளியே வருவதற்கு முன்பே தலைப்பக்கத்தையும் ஒரு கயிற்றால் பிடித்துக்கொள்ளுங்கள். சாயும் கல்லைக் கையால் தாங்க நினைக்க வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

வேலி ஓரமாகத்தான் சொட்டுநீர்க் குழாயும் மோட்டார் கேபிளும் புதைத்திருப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேபிள் இருந்தால் ஸ்டார்ட்டரில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

எல்லையில் நிற்கும் நில அளவைக் கல்லை வேலிக்கால் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, தன் நிலத்தின் அளவைக் கற்களைப் பராமரிப்பது பட்டாதாரரின் கடமை. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கற்களைக் கண்டுபிடித்து, சுண்ணாம்பு அடித்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டை இருக்காது.

உளுத்த காலின் பொந்திலும் அடியில் அடுக்கிய கல்லிடுக்கிலும் பாம்பும் தேளும் இருக்கும். சங்கிலி சுற்றக் குனிவதற்கு முன் கம்பால் தட்டுங்கள்.

ஒரு ஏக்கருக்கு எத்தனை நாள் ஆகும்?

சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் சுமார் 83 கால்கள். ஓட்டுநர் ஒருவர், சங்கிலி கட்டுபவர் ஒருவர், சராசரி நான்கு நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம். கம்பி பிரிக்க அதற்கு முந்தின நாள் தனி. முட்டுக்கொடுத்த மூலைக்கால்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அவை எப்போதும் கூடுதல் ஆழம். சங்கிலி கட்டுபவர் விலகி நின்று கை காட்டிய பிறகே லீவர் அசைய வேண்டும். மூன்றாவது ஆள் தேவையில்லை, வேடிக்கை பார்ப்பவரைச் சங்கிலி நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பிடுங்கிய மரத்தை அடுப்புக்கு எடுக்கலாமா?

எதுவும் பூசாத வேலமும் உசிலும் நன்றாக எரியும். கழிவு எண்ணெய் பூசியதையும், பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையையும் சமையல் அடுப்பில் வைக்கக் கூடாது. ஸ்லீப்பரில் ஏற்றியிருப்பது தார் எண்ணெய், அதன் புகை ஆகாது. பச்சை நிறம் பாய்ந்த, மருந்தேற்றிய கட்டை இன்னும் மோசம். அதில் ஆர்செனிக் இருக்கலாம், எரித்தால் சாம்பலில் தங்கும். மரம் அறுக்கும் பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஆணி இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு யு ஆணி பட்டை ரம்பத்தின் பல்லை வரிசையாகக் கொண்டுபோய்விடும்.

குழிகளை என்ன செய்வது?

அன்று மாலைக்குள் மூடுங்கள். ஆறங்குல அகலக் குழி மாட்டின் காலை முறிக்கப் போதுமானது. மண்ணை அரையடி போட்டு, கடப்பாரையின் தடித்த முனையால் குத்தி, மறுபடி அரையடி. மேலே ஒரு கை உயரம் குவித்து விடுங்கள், முதல் மழையில் அது அமுங்கிச் சமமாகும்.